வேலை போய்ச் சேரும் இடம்

மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்பவருக்கு நோயாளியின் முகம் தெரியாது. ஊதா மூடி போட்ட ஒரு குழாய், அதன்மேல் ஒரு பார்கோடு, உள்ளே இரண்டு மூன்று மில்லி ரத்தம். எங்களிடம் வந்து சேரும் மனிதர் அவ்வளவுதான். இயந்திரத்தில் ஏற்றுகிறோம், எண் வருகிறது, சரிபார்த்து அனுப்புகிறோம், அடுத்த குழாயை எடுக்கிறோம். அனுப்பிய எண்ணை யார் பார்த்தார், அதைக் கொண்டு என்ன முடிவெடுத்தார், அந்த மனிதர் பிழைத்தாரா என்ற செய்தி எதுவும் எங்களுக்குத் திரும்பி வருவதில்லை. ரிப்போர்ட் தாமதமானால் மட்டும் தொலைபேசி அலறும்.

இந்த வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இடையில் ஒரு நீண்ட காலம், கண் விழித்ததும் ‘இன்றைக்கும் போக வேண்டுமே’ என்ற எண்ணம்தான் முதலில் வந்து நிற்கும். வேலை கடினமாக இருந்ததால் வந்த சலிப்பு அல்ல அது. கைக்குப் பழகிய வேலைதான். எவ்வளவு செய்தாலும் எதுவும் முடிந்ததாகத் தோன்றவில்லை என்பதுதான் மனத்தை அரித்தது. தட்டில் இருந்த குழாய்கள் தீர்ந்தால் அடுத்த தட்டு வந்துவிடும். மாலையில் வீட்டில் ‘இன்று என்ன செய்தாய்?’ என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. கணக்கு எழுதுகிறவர்கள், கிடங்கில் சரக்கு பார்க்கிறவர்கள், நாள் முழுவதும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறவர்கள் என்று பலரிடம் பேசியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லாரும் இதையேதான் வேறு வேறு சொற்களில் சொன்னார்கள்.

சம்பளம் உயர்ந்தால் சரியாகிவிடும் என்று அப்போது எல்லாரையும் போல நானும் எதிர்பார்த்தேன். சம்பளம் உயரவும் செய்தது. கடன் குறைந்தது, மாதக் கடைசியின் பதற்றம் குறைந்தது. இவை சின்ன விஷயங்கள் அல்ல. போதாத சம்பளத்தில் இருப்பவரிடம் மனநிறைவைப் பற்றிப் போதிப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் குழாயைக் கையில் எடுக்கும்போது இருந்த அந்த வெறுமை மட்டும் அப்படியே இருந்தது. பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் ஃபிரெட்ரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளரைப் பற்றிச் சொன்னார்கள். பொறியாளர்கள், கணக்காளர்கள் என்று சுமார் 200 பேரிடம் பேசி, 1959-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். சம்பளம், மேற்பார்வை, வேலையிடத்து வசதி ஆகியவை சரியில்லாவிட்டால் அதிருப்தி வரும். அவற்றைச் சரிசெய்தால் அதிருப்தி நீங்கும், ஆனால் நிறைவு தானாக வந்துவிடாது. நிறைவுக்கான ஊற்று வேலையின் உள்ளேயே இருக்கிறது. நல்லது நடந்தால் தன்னால், கெட்டது நடந்தால் சூழ்நிலையால் என்று சொல்வது மனித இயல்பு, ஆகவே அந்தப் பேட்டிகளை அப்படியே நம்பக் கூடாது என்று அவரை மறுத்தவர்களும் உண்டு. அந்த விவாதம் எப்படியிருந்தாலும், சம்பள உயர்வுக்குப் பிறகு என் மனத்தில் நடந்ததை அவர் சொன்னது அப்படியே விளக்கியது.

வேலையின் உள்ளே எதைத் தேடுவது? அதற்கு எனக்குக் கைகொடுத்தது ஹேக்மன், ஓல்டாம் என்ற இருவரின் ஆய்வு. 1976-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை, ஒரு வேலை மனத்துக்கு நிறைவு தர ஐந்து கூறுகளைச் சொல்கிறது: பலவகைத் திறன்களுக்கு இடம் இருப்பது, ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை முழுதாகச் செய்வது, அது பிறருக்கு முக்கியமானதாக இருப்பது, செய்யும் விதத்தில் சுதந்திரம், செய்தது எப்படி இருக்கிறது என்று தெரியவருவது. என் வேலையை இந்த ஐந்துக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முக்கியத்துவத்தில் குறையே இல்லை. மருத்துவ முடிவுகள் பலவும் எங்கள் எண்களைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகின்றன. ஆனால் அந்த முக்கியத்துவம் என் கண்ணில் படவேயில்லை. நான் செய்வது நடுவில் ஒரு துண்டு. அதன் தலையும் தெரியாது, வாலும் தெரியாது.

அந்த வால் முதன்முதலாக என் கண்ணில் பட்ட நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு மாதிரியில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை 18,000 என்று இயந்திரம் காட்டியது. பொதுவாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை இருக்க வேண்டும். 18,000 என்பது ரத்தக்கசிவு பற்றிப் பயப்பட வேண்டிய அளவு. அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த மாதிரி என்று சீட்டில் இருந்தது. எண்ணை அப்படியே அனுப்பியிருந்தாலும் விதிப்படி யாரும் கேட்டிருக்க முடியாது. ஆனால் மற்ற எண்கள் எல்லாம் சரியாக இருக்க, இது மட்டும் பாதாளத்தில் கிடந்தது உறுத்தியது. ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இழுத்த ரத்தம் மெலிந்து முடியும் ஓரத்தில்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடந்தன.

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் இருக்கும். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருடைய ரத்தத்தில், அந்தப் பொருள் பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உடலுக்குள் எந்தக் கோளாறும் இருக்காது. குழாய்க்குள் மட்டும் நடக்கும் கூத்து இது. ஒட்டிய கொத்தை இயந்திரம் பிளேட்லெட்டாக எண்ணாது, எண்ணிக்கை விழுந்துவிடும். வார்டுக்குத் தொலைபேசியில் பேசி, “சிஸ்டர், சிட்ரேட் போட்ட நீல மூடிக் குழாயில் இன்னொரு மாதிரி எடுத்து உடனே அனுப்புங்கள்” என்றேன். வந்தது. ரத்தம் உறையாமல் இருக்க அதில் சிட்ரேட் திரவமாகக் கலந்திருப்பதால் வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும். பெருக்கிப் பார்த்தால் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியிருந்தது.

அதோடு என் வேலை முடிந்தது. வழக்கமாக இருந்தால் கதையும் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மாலையில் அந்த வார்டின் செவிலியர் ஏதோ சீட்டு கொடுக்க வந்தவர், “காலையில் நீங்கள் பேசினீர்களே, அந்த அம்மாவுக்குப் பிளேட்லெட் ஏற்ற ஏற்பாடு செய்து, அறுவை சிகிச்சையையும் தள்ளிப்போட இருந்தார்கள். உங்கள் போன் வந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். இப்போது நல்லபடியாக முடிந்து கண் விழித்துவிட்டார்” என்றார். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். நான் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த குழாய்களில் ஒன்று ‘கண் விழித்துவிட்டார்’ என்று முடிந்தது அதுவே முதல்முறை.

அதற்கு அடுத்த சில நாட்களில் என் வேலையில் ஒரு துரும்பும் மாறவில்லை. அதே குழாய்கள், அதே இயந்திரம், அதே இரைச்சல். ஆனால் தட்டில் இருக்கும் ஒவ்வொன்றையும் எடுக்கும்போது கை வேறு மாதிரி எடுத்தது. செவிலியர் சொன்ன அந்த மூன்று வாக்கியங்கள் செய்த வேலை அது. அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் செய்ததன் மதிப்பு குறைந்திருக்காது, எனக்குத் தெரிந்திருக்காது என்பது மட்டும்தான். ஆனால் மனநிறைவைப் பொறுத்தவரை தெரிவதுதான் எல்லாம்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அது. பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் நன்கொடை திரட்டும் ஊழியர்கள் சிலரை, அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் ஒரு மாணவரோடு ஐந்து நிமிடம் பேச வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரமும் திரட்டிய தொகையும் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தன. மாணவரைப் பார்க்காத ஊழியர்களிடம் அப்படி மாற்றம் எதுவும் இல்லை. ஊக்கத்தொகை கூட்டவில்லை, மிரட்டவில்லை, உரை நிகழ்த்தவில்லை. பணம் யாரைப் போய்ச் சேர்கிறது என்று ஐந்து நிமிடம் காட்டினார்கள்.

எனக்கு அந்தச் செவிலியர் தற்செயலாகச் சொன்னார். தற்செயலை நம்பிக்கொண்டிருந்தால் அடுத்தது எப்போது வருமோ தெரியாது. ஆகவே நானே கேட்கத் தொடங்கினேன். வழக்கத்துக்கு மாறான முடிவு எதையாவது அனுப்பினால், அடுத்த நாள் சம்பந்தப்பட்ட மருத்துவரிடமோ செவிலியரிடமோ ஒரே ஒரு கேள்வி: “நேற்று அனுப்பிய அந்த முடிவு உங்களுக்குப் பயன்பட்டதா?” நோயாளியின் பெயர், குடும்பம், சொந்தக் கதை எதுவும் எனக்குத் தேவையில்லை, கேட்கவும் கூடாது. பயன்பட்டதா, எப்படி என்பது மட்டும் போதும். முதலில் சிலர் வியப்பாகப் பார்த்தார்கள். ஒருவர் ‘ஏதாவது பிழையா?’ என்று பதறினார். ஆனால் கொஞ்ச நாளில் அவர்களே சொல்லத் தொடங்கினார்கள். “பொட்டாசியம் திடீரென்று ஏறியிருக்கிறதே, அதோடு கால்சியம் இறங்கியிருக்கிறதே, ஊதாக் குழாயிலிருந்து மாற்றி ஊற்றிவிட்டார்களா என்று கேட்டீர்களே, அப்படித்தான் நடந்திருக்கிறது” என்று ஒரு பயிற்சி மருத்துவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஈடிடிஏ பொட்டாசியம் உப்பாக இருக்கிறது, கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே அந்த இரண்டும் சேர்ந்து எதிரெதிராக நகர்ந்தால் எங்களுக்குச் சந்தேகம் வரும். அதை அவர் அன்று என்னிடம் கற்றுக்கொண்டார். அது பயன்பட்டது என்று நான் அவரிடம் தெரிந்துகொண்டேன்.

உங்கள் வேலை வேறாக இருந்தாலும் உங்களுக்கு அடுத்துக் கைமாற்றுகிறவர் ஒருவர் இருப்பார். கடைசி வாடிக்கையாளர்வரை போக வேண்டியதில்லை. அந்த அடுத்தவரிடம் கேட்டாலே போதும். நீங்கள் தயாரிக்கும் அறிக்கையில் அவர் எந்தப் பத்தியை முதலில் பார்க்கிறார், எதைப் பார்ப்பதேயில்லை, எது தாமதமானால் அவருடைய நாள் கெடுகிறது என்று கேளுங்கள். ‘என் வேலை எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்ற பதில்தான் வரும், அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. பயனைப் பற்றிக் கேட்டால் விவரம் வரும். சில நேரம், நீங்கள் மாதக்கணக்கில் மெனக்கெட்ட ஒன்றை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்றும் தெரியவரும். வலிக்கும்தான். ஆனால் அந்த நேரத்தை வேறொன்றில் போடலாமே.

கேட்பதோடு எழுதவும் தொடங்கினேன். சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு குறிப்பேடு. வேலை முடிந்து கிளம்பும் முன் இரண்டு மூன்று வரிகள்: இன்று எது நகர்ந்தது, எது நின்றது, யாருக்கு என்ன பயன்பட்டது. ‘புதிய வேதிப்பொருள் தொகுதியைச் சரிபார்த்து முடித்தேன்’, ‘இரவில் குறைப்பிரசவக் குழந்தையின் மாதிரி, மிகக் குறைந்த அளவு, வீணாக்காமல் எல்லாச் சோதனையும் செய்துவிட்டேன்’ என்கிற மாதிரி. மனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. நாள் முழுவதும் ஒழுங்காக நடந்த நூறு வேலைகளை விட்டுவிட்டு, சிக்கலான ஒன்றை மட்டும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும். தாளில் இருந்தால் அந்த நூறில் சிலவாவது தப்பிக்கும்.

தெரேசா அமபைல், ஸ்டீவன் கிராமர் இருவரும் ஏழு நிறுவனங்களைச் சேர்ந்த 238 பேரை நாள்தோறும் குறிப்பெழுத வைத்து, ஏறக்குறைய 12,000 குறிப்புகளை ஆராய்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். மனிதர்கள் உற்சாகமாக இருந்த நாட்களில் அடிக்கடி தென்பட்டது, முக்கியமான வேலையில் ஓர் அடியாவது முன்னேறியது. பெரிய வெற்றி வேண்டியதில்லை, சின்ன நகர்வே போதுமாக இருந்தது. மேலாளர்களிடம் ‘ஊழியர்களை எது ஊக்குவிக்கும்?’ என்று கேட்டபோது, முன்னேற்றத்தை முதலிடத்தில் வைத்தவர்கள் மிகச் சிலர்தான். ஆகவே உங்கள் முன்னேற்றத்தை மேலதிகாரி கவனித்துச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். அவரும் தன் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

முன்னேற்றத்தை அளக்கச் சொந்தமாக ஓர் அளவுகோல் வேண்டும். எங்கள் துறையில் அது ஏற்கெனவே இருக்கிறது என்பது எனக்குக் கிடைத்த பாக்கியம். ஒவ்வொரு நாளும் நோயாளிகளின் மாதிரிக்கு முன், அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு தரக்கட்டுப்பாட்டு மாதிரியை ஓட்டி, வந்த எண்ணை வரைபடத்தில் புள்ளியாக வைப்போம். லீவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் 1950-இல் ஆய்வகங்களுக்குக் கொண்டுவந்த முறை இது. நடுவில் சராசரிக் கோடு. மேலும் கீழும் எல்லைக் கோடுகள். எல்லாம் சரியாக இருந்தாலும்கூட, ஏறக்குறைய இருபதில் ஒரு புள்ளி இரண்டாவது எல்லையைத் தாண்டும். அது வெறும் தற்செயல். ஆனால் புள்ளிகள் எல்லைக்குள் இருந்தபடியே நாள்தோறும் ஒரே பக்கம் சாய்ந்துகொண்டு வந்தால், ஏதோ ஒன்று மெல்ல நழுவுகிறது என்று பொருள். பலர் இதைக் கையெழுத்துக்காகச் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் இதை என் பொறுப்பு என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். எச்சரிக்கை விளக்கு எரிவதற்கு முன்பே சாய்வைப் பார்த்து, இயந்திரத்தின் விளக்கு மங்கியிருப்பதையோ வேதிப்பொருள் கெடத் தொடங்கியிருப்பதையோ கண்டுபிடிக்கும்போது வரும் மகிழ்ச்சிக்கு யாருடைய பாராட்டும் தேவையில்லை. சரியாகச் செய்தேனா என்பதை அந்தப் புள்ளியே சொல்லிவிடுகிறது.

இப்படிக் கேட்டு வாங்குவது பற்றியும் ஓர் ஆய்வு உண்டு, அதுவும் மருத்துவமனையில் நடந்தது. எமி ரெஸ்னியெஸ்கி, ஜேன் டட்டன் இருவரும் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசியதை வைத்து 2001-இல் எழுதினார்கள். ஒரே மருத்துவமனை, ஒரே வேலைப் பட்டியல். சிலருக்கு அது தரையைத் துடைக்கும் வேலை, அவ்வளவுதான். வேறு சிலரோ செவிலியர்களின் வேலை நேரத்துக்கு ஏற்பத் தங்கள் வேலையை அமைத்துக்கொண்டார்கள், நோயாளிகளோடும் பார்வையாளர்களோடும் பேசினார்கள், தங்களைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே பார்த்தார்கள். பட்டியலில் இல்லாததைச் செய்தால் வேலை கூடும் என்று தோன்றும். கூடும்தான். ஆனால் நாமே தேர்ந்தெடுத்த பத்து நிமிடம், சுமத்தப்பட்ட பத்து நிமிடத்தைப் போலக் களைப்பூட்டுவதில்லை. ஒன்று மட்டும் கவனம்: கூடுதலாக எடுத்துக்கொள்வது உங்களுக்குப் பிடித்ததாக இருக்கட்டும். மற்றவர்கள் தட்டிக்கழித்ததெல்லாம் உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தால் அதற்குப் பெயர் வேறு.

எங்கள் இடத்தில் ஒரு காலத்தில், ஷிஃப்டுக்கு எத்தனை மாதிரிகள் முடிக்கிறோம் என்று எண்ணி அதற்கு ஊக்கத்தொகை கொடுக்கத் தொடங்கினார்கள். எண்ணிக்கை ஏறியது. மைக்ராஸ்கோப்பில் நேரடியாகப் பார்ப்பது குறைந்தது. தகடு பார்ப்பது எந்தக் கணக்கிலும் வராதே. அறிவுக்கூர்மையும் அக்கறையும் உள்ளவர்கள்கூட எண்ணைத் துரத்தினார்கள். எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட பரிசோதனையில், புதிர்க் கட்டைகளை விரும்பி அடுக்கிய மாணவர்களுக்கு ஒருமுறை பணம் கொடுத்து, பிறகு நிறுத்தியபோது, ஓய்வு நேரத்தில் அந்தக் கட்டைகளைத் தொடும் ஆர்வம் அவர்களிடம் குறைந்தது. எங்களிடமும் ஊக்கத்தொகை நின்ற பிறகு பழைய கவனம் திரும்பி வர நெடுநாளாயிற்று. சம்பளம் கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். நல்ல சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு அசைவுக்கும் விலைச்சீட்டு ஒட்டாமல் விட்டுவிட வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் மனம் ஒட்டாத காலை வேளைகள் வரும். அவற்றுக்கு என்னிடம் இருப்பது எளிய ஏற்பாடு. கோட்டை மாட்டியதும் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்துக் குறிப்பேன். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைக் குறித்ததும் தரக்கட்டுப்பாட்டு மாதிரியை வெளியே எடுப்பேன். அது அறை வெப்பத்துக்கு வருவதற்குள் மேசையைத் துடைப்பேன். ‘இது நடந்தால் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொள்வது செயலைத் தொடங்க உதவும் என்று பீட்டர் கோல்விட்சர் நெடுங்காலம் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். என் அனுபவத்திலும் அப்படித்தான். மனநிலை கூடி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் வராது. கைகள் தொடங்கிய பிறகு மனம் பின்னாலேயே வந்து சேரும். வராத நாட்களிலும் வேலை நடந்திருக்கும்.

கிளம்பும் நேரமும் அதே அளவு முக்கியம். முன்பெல்லாம் முடியாத வேலைகள் படுக்கைவரை கூடவே வரும். ஒரு மாதிரியை மறுபடி ஓட்டச் சொன்னேனா, அந்த வார்டுக்குச் சொல்லிவிட்டேனா என்று நடு இரவில் விழிப்பேன். இப்போது அடுத்த ஷிஃப்டில் வருபவரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு, நிலுவையில் இருப்பது ஒவ்வொன்றுக்கும் ‘யார், எப்போது, என்ன’ என்று எழுதிவிட்டுத்தான் கையுறையைக் கழற்றுகிறேன். மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரின் 2011 ஆய்வும் இதையே காட்டுகிறது: முடியாத வேலையை முடித்தால்தான் மனம் விடும் என்பதில்லை, எப்போது எப்படி முடிப்பது என்று தெளிவாகத் திட்டமிட்டுவிட்டாலே நச்சரிப்பு அடங்கிவிடுகிறது. ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்பது திட்டம் அல்ல. ‘காலையில் தரக்கட்டுப்பாடு முடிந்ததும் மூன்றாவது வார்டின் மாதிரியை மறுபடி ஓட்ட வேண்டும்’ என்பது திட்டம்.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒருநாள் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு, “அக்கா, இங்கே கொத்தாக ஏதோ தெரிகிறது, பாருங்களேன்” என்று கூப்பிட்டார். பிளேட்லெட் கொத்துதான். அதை எங்கே தேட வேண்டும் என்று சில வாரங்களுக்கு முன் அவருக்குக் காட்டியிருந்தேன். அன்றைக்கு என் குறிப்பேட்டில் எழுத வேறு எதையும் தேடவில்லை. பல ஆண்டுகளாக ஒரே வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. நமக்குச் சலித்துப்போனது அடுத்தவர் கண்ணில் புதிதாக இருக்கிறது. அவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நமக்கே இவ்வளவு தெரிந்திருக்கிறதா என்று தெரியவருகிறது. பாராட்டும்போதும் இதே விதிதான். ‘நன்றாகச் செய்தீர்கள்’ என்று சொல்வதைவிட, ‘எண்ணை நம்பாமல் தகட்டைப் பார்த்தீர்களே, அது சரி’ என்று சொன்னால் அந்த மனிதர் அதை மறக்கமாட்டார்.

இனி சொல்வதை முழு மனத்தோடு வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேலே எழுதியவை எல்லாம் சலிப்புக்கான வழிகள். களைத்து ஓய்ந்துபோனவருக்கு இவை போதாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், சரியாகக் கையாளப்படாத நெடுநாள் வேலை அழுத்தத்தால் வரும் சோர்வை மூன்று அடையாளங்களால் விவரிக்கிறார்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் கசப்பு ஏற்படுவது, தன்னால் முடியவில்லை என்ற உணர்வு. அதை நோய் என்று சொல்லாமல் வேலை சார்ந்த நிகழ்வு என்றே சொல்கிறார்கள். அந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. காரணம் வேலையிடத்தில் இருந்தால் தீர்வையும் அங்கேதான் தேட வேண்டும். ஊழியரிடம் மட்டும் ‘மனத்தைத் திடமாக வைத்துக்கொள்’ என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது.

ஆள் பற்றாக்குறையால் எங்களுக்குத் தொடர்ச்சியாக இரவு ஷிஃப்டுகள் விழுந்த ஒரு காலம் இருந்தது. குறிப்பேடு, கேள்வி எதுவும் அப்போது உதவவில்லை. எண்கள் கண்முன் மங்கின, வார்டிலிருந்து யார் பேசினாலும் எரிச்சல் வந்தது. ராபர்ட் கராசெக் 1979-இல் எழுதியதைப் போல, சுமையும் அதிகம், அதைக் கையாளும் அதிகாரமும் நம்மிடம் இல்லை என்ற நிலைதான் மனிதரை அதிகம் நசுக்குகிறது. தனித்தனியாக முறையிட்டபோது ஒவ்வொருவரும் ‘சமாளிக்கத் தெரியாதவர்’ ஆனோம். பிறகு சேர்ந்து உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். புகார் எதுவும் வைக்கவில்லை. எத்தனை இரவுகள் தொடர்ந்து வருகின்றன, எந்த நேரத்தில் மறுபடி ஓட்ட வேண்டிய மாதிரிகள் கூடுகின்றன என்று ஆய்வகப் பதிவேட்டிலிருந்தே எடுத்து வைத்தோம். கூடவே ஒரு மாற்று அட்டவணையையும் நாங்களே போட்டுக் கொடுத்தோம். நாங்கள் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. தொடர் இரவுகளுக்கு ஒரு வரம்பு வந்தது. தங்களுக்குள் ஷிஃப்டை மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. அது போதும் நிமிர்ந்து உட்கார.

இப்படிக் கேட்டும் எதுவும் மாறாத இடங்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். அங்கிருந்து கிளம்புவதில் எந்தத் தோல்வியும் இல்லை. அப்படிக் கிளம்பியவர்கள் என்னோடு வேலை செய்த நல்ல மனிதர்கள். இன்று வேறு ஆய்வகங்களில் மனநிறைவோடு இருக்கிறார்கள். ஆனால் கிளம்பும் முன், சலிப்பா சோர்வா என்று பிரித்துப் பார்த்துவிடுங்கள். ஒரு வாரம் முழுதாக ஓய்வெடுத்த பிறகும் வேலையை நினைத்தாலே வயிறு கலங்கினால் அது சலிப்பு அல்ல. மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஓய்வுக்குப் பிறகு உடம்பு தெளிந்து, வேலை மட்டும் வெறுமையாகவே இருந்தால், அங்கே செய்து பார்க்க இன்னும் இடம் இருக்கிறது. நீங்கள் முடித்துக் கொடுப்பதை அடுத்துக் கையில் வாங்குகிறவர் யார் என்று பாருங்கள். இந்த வாரமே அவரிடம் போய், சென்ற வாரம் கொடுத்ததில் எது பயன்பட்டது என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள ஒரு சிறிய குறிப்பேட்டையும் கொண்டுபோங்கள்.